அக்கரைப் பந்தல் எந்தக் கரையில்?

மலைக்கோட்டையைத் தவிர வேறு மலையே இல்லாத திருச்சியில் மலைச் சைக்கிள் போட்டி என்று கேள்விப்பட்டதும் மலேசியாவில் எங்கள் ஈப்போ சைக்கிள் குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் அன்றைக்கே பெயரைக் கொடுத்துவிட்டேன். மேடு இல்லாவிட்டால் முடித்துவிடலாம் என்பது என் நினைப்பு.

என் சரித்திரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பல் மருத்துவமனையில் தாதி. வயது நாற்பத்தாறு. நாலு வருடத்தில் மூன்று நெடுந்தூரப் போட்டிகளில் கிளம்பியிருக்கிறேன். மூன்றிலும் முடிவுக்கோட்டுக்கு லாரியில்தான் வந்து சேர்ந்தேன். முதல் தடவை கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இரண்டாம் தடவை மழை. மூன்றாம் தடவை ஒன்றுமே இல்லை; ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன், எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து குழுவில் என் பெயர் ‘பாதி பவானி’. பாசமாகத்தான் கூப்பிடுகிறார்கள். எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று இருக்கும். திருச்சியிலாவது முடிப்பேன், இல்லையென்றால் சைக்கிளை விற்றுவிடுவேன் என்று கணவரிடம் சொன்னேன். “இப்பவே ஆள் சொல்லி வைக்கட்டுமா?” என்றார் மனிதர்.

வெள்ளிக்கிழமை காலை திருச்சி விமான நிலையத்தில் இறங்கினேன். வெளியே வருகிறவர்கள் தள்ளுவண்டியில் எல்லாம் டேப் சுற்றிய டிவி பெட்டிகள். என்னிடம் அதைவிடப் பெரிய அட்டைப்பெட்டி. ஆட்டோக்காரர் மரியாதையோடு அதைத் தட்டிப் பார்த்தார்.

“என்னங்க, அறுபத்தஞ்சு இன்ச்சா?”

“டிவி இல்லைங்க. சைக்கிள்.”

“மலேசியாலேர்ந்து சைக்கிளா! ஏங்க, நம்ம ஊர்ல சைக்கிள் கிடைக்காதுன்னு யாராவது சொன்னாங்களா?”

பெட்டி உள்ளே நுழையவில்லை. கூரை மேல் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார். ஊருக்குள் வரும்வரை ஒழுங்காகத்தான் இருந்தது. காவிரிப் பாலத்தில் ஏறியதும் காற்று பெட்டிக்கு அடியில் புகுந்து ஒரு முனையைத் தூக்க ஆரம்பித்தது. அவர் இடது கையை வெளியே நீட்டி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். வலது கையால் வண்டியை ஓட்டினார். நான் மறுபக்கம் எம்பி அடுத்த முனையைப் பிடித்தேன். ஸ்ரீரங்கத்துக்குள் நாங்கள் நுழைந்தது அப்படித்தான். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, “வேரைத் தேடி வந்தீங்களா? மலேசியாக்காரங்க நிறைய பேர் அதுக்குத்தாங்க வருவாங்க” என்றார். வேரையெல்லாம் தேடவில்லை, ஒரே ஒரு முடிவுக்கோட்டைத்தான் தேடி வந்திருக்கிறேன் என்றேன். அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

வெயில் எனக்குப் புதிதல்ல என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊர் வெயில் ஈரத்துணி மாதிரி மேலே ஒட்டிக்கொள்ளும். இந்த ஊர் வெயில் இஸ்திரிப்பெட்டி. வியர்வை வந்ததே தெரியவில்லை. மாலையில் பார்த்தால் சட்டை முதுகில் உப்பு வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது.

மதியம் உத்திர வீதிக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தேன். பரிமாறியவர், “சாத்தமுது சாதிக்கட்டுமா?” என்று கேட்டார். அமுது என்று வருகிறதே, பாயசமாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்து, இலையில் இருந்த சோற்றையெல்லாம் ஓரம் தள்ளி இடம் விட்டுக் காத்திருந்தேன். வந்தது ரசம். அது வழிந்து மடிக்கு வருமுன் கையால் அணை கட்ட வேண்டியதாயிற்று. “ரசத்தைத்தான் நாங்க அப்படிச் சொல்றது. பாயசம்னா கண்ணமுது” என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. பேசுவது தமிழ்தான் என்ற தைரியத்தில் நான் கேட்காமல் விட்ட முதல் சொல் அது. ரசம் அபாரமாக இருந்ததால் இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை மாலை ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நம்பர் அட்டை கொடுத்தார்கள். போட்டியை நடத்துகிறவர் கணேசன். ஐம்பது வயது, முறுக்கிய கயிறு மாதிரி உடம்பு. வீடு ஸ்ரீரங்கம், வேலை திருவெறும்பூரில் ஒரு ஆலையில். தினமும் காவிரியைத் தாண்டி சைக்கிளிலேயே போய் வருகிறவராம்.

“நாற்பது டிகிரியில எதுக்குங்க போட்டி வைக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“இதெல்லாம் வெயிலாங்க? இன்னும் கத்திரியே பொறக்கல. மார்கழியில ஓட்டினா அது ரேஸ் இல்லைங்க, வாக்கிங்.”

பாதையை விளக்கினார். ஸ்ரீரங்கம் ஒரு தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். மேற்கே முக்கொம்பு வரை போய்த் திரும்பி, கிழக்கே கல்லணை வரை போய்த் திரும்ப வேண்டும். எல்லாம் ஆற்றங்கரை, வாய்க்கால் கரை, மணல், வாழைத் தோப்பு. லைசென்ஸ் வாங்க எட்டுப் போடுகிற மாதிரி, ஆனால் எழுபத்தைந்து கிலோமீட்டருக்கு எட்டு. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் பதினொன்றரைக்குள் மண்டபத்து வாசலுக்கு வந்துவிட வேண்டும். திரும்பும் இடங்களில் தரையில் சுண்ணாம்புத் தூளால் அம்புக்குறி போட்டிருக்கும். வழியில் நான்கு தண்ணீர்ப் பந்தல்களில் நின்று கழுத்தில் தொங்கும் அட்டையில் ஸ்டாம்ப் வாங்க வேண்டும்.

“கடைசி ஸ்டாம்ப் அக்கரைப் பந்தல்ல. அது இல்லாம வந்தா செல்லாது, சொல்லிட்டேன்.”

நாற்பது பேர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். தீவுக்கு இரண்டு பக்கமும் அக்கரைதானே என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

கணேசன் போகிறபோது என் குழுச் சட்டையைப் பார்த்து நின்றார். எங்கள் குழுவின் நிறம் மஞ்சள். பழுத்த மாம்பழ மஞ்சள். “இதையேவா போடப் போறீங்க?” என்றார். வேறு இல்லை என்றேன். “சரி, நாளைக்கு ரோடு பூரா உங்க டீம்தான்” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். மண்டபத்துக் காவலாளி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது: செவ்வாய்க்கிழமை சமயபுரம் மாரியம்மன் தேர். வேண்டுதல்காரர்கள் மஞ்சள் உடுத்தி, செருப்பில்லாமல், ஊர் ஊராக நடந்து வருவார்கள். ஊரைக் கடந்து, காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டி வடக்கே போவார்கள்.

ஞாயிறு, ஐந்தரை மணி. முதல் இரண்டு மணி நேரம் சொர்க்கம். வாழைத் தோப்புகளுக்கு நடுவே ஈரமண் பாதை, முகத்தில் இலை தட்டுகிறது, ஆற்றுப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று. முக்கொம்பில் முதல் ஸ்டாம்ப் வாங்கியபோது எனக்குப் பின்னால் பதினோரு பேர் இருந்தார்கள். வாழ்க்கையில் எனக்குப் பின்னால் இத்தனை பேர் இருந்ததே இல்லை. வாய்விட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினேன்.

எட்டு மணிக்குச் சூரியன் வேலையை ஆரம்பித்தது. கொள்ளிடக் கரையிலிருந்து பாதை ஆற்றுக்குள் இறங்கியது. தண்ணீர் இல்லை, மணல், மணல், மணல். பெடலை மிதித்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே குழி தோண்டியது. இறங்கித் தள்ளினேன். மணல் ஏறி வந்ததும் கருவேல முள் பின்சக்கரத்தில். எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் நான் டியூப் மாற்றுவதை வேட்டி நுனியால் தலையை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். “பிரைஸ் எவ்வளவுங்க?” என்றார். ஒரு பதக்கம் மட்டும்தான் என்றதும் எழுந்து, தன் எருமைகளைப் பாதையை விட்டு ஓட்டி எனக்கு வழிவிட்டார். பரிதாபப்பட்டிருக்க வேண்டும்.

பந்தல்கள்தான் காப்பாற்றின. ஊரெங்கும் கோடைக்குக் கீற்றுப் பந்தல் போட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பானையில் நீர்மோர் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது பந்தலில் பானகம். வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை. உள்ளே இறங்கியதும் காதுவரை உயிர் வந்தது. எங்கள் ஊரில் போட்டியில் தெம்புக்குப் பிழிந்து குடிக்கிற இனிப்புப் பசை பாக்கெட்டை இனி தொடமாட்டேன். “சித்த நிழல்ல உக்காந்துட்டுப் போங்கோ” என்றார் அங்கே ஊற்றிக்கொண்டிருந்த நாமக்காரர். உட்காரவில்லை. உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

கல்லணையிலிருந்து திரும்பும் வழியில் சைக்கிளில் மாட்டியிருந்த போன் சூடு தாங்காமல் அணைந்துவிட்டது. கவலைப்படவில்லை, அம்புக்குறிகள் இருந்தன. கைக்கடிகாரத்தில் பத்து இருபத்தைந்து ஆனபோது திருவானைக்காவல் பக்கம் பெரிய சாலையில் வந்து முட்டினேன். இங்கே இடமா, வலமா? அம்பைத் தேடினேன். தரை முழுக்க ஈரம். வீட்டுக்கு வீடு பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து சாலையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வெறுங்காலில் நடக்கிறவர்களுக்குச் சுடக்கூடாதாம். கணேசனின் அம்பு சாக்கடையில் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது.

குடத்தோடு நின்ற ஒரு அம்மாளிடம் கேட்டேன். “அக்கரைப் பந்தலுக்கு எப்படிங்க போகணும்?”

அவர் என் மஞ்சள் சட்டையைப் பார்த்தார். முகம் கனிந்தது. வலது பக்கம், வடக்கே கை நீட்டினார். “நேரே போ தாயி. பாலம் தாண்டினா அக்கரைதான். நல்லா இரு.” சொல்லிவிட்டு என் காலிலும் இரண்டு சக்கரங்களிலும் தண்ணீர் ஊற்றினார். அந்தக் குளிர்ச்சியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொள்ளிடப் பாலம் முழுக்க மஞ்சள். பால்குடம், வேப்பிலை, மேளம். அந்தக் கூட்டத்தோடு நானும் மெல்ல நகர்ந்தேன். “மஞ்சத் துணி போட்டுக்கிட்டு செருப்பு போடலாமா தாயி?” என்று ஒரு பெண் என் ஷூவைக் காட்டிக் கண்டித்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பாலத்தின் கடைசியில் பெரிய பந்தல். பத்து நாற்பத்தைந்து. எல்லாம் முடிந்தது என்ற சந்தோஷத்தில் கழுத்து அட்டையை நீட்டினேன்.

“ஸ்டாம்ப் போடுங்க.”

பந்தலில் நின்ற பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் நெற்றியில் குங்குமம் வைத்தார். தலையில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். கையில் நீர்மோர் கொடுத்தார். ஸ்டாம்ப் மட்டும் இல்லை. அவர் பெயர் ராசாத்தி. நான் திக்கித் திக்கிச் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு அவர்தான் போட்டு உடைத்தார்.

“அட கடவுளே. சைக்கிள் ரேஸா? காலையில டவுன்லேர்ந்து வரப்ப பாத்தேன், கணேசண்ணன் ஆளுங்க காவிரிக்கு அந்தாண்ட, டவுன் பக்கம்ல மேசை போட்டாங்க! அவரு தினம் அந்தப் பக்கம் வேலைக்குப் போறவரு, அவருக்கு அக்கரைன்னா அதாங்க. நீங்க வந்திருக்கிறது இந்த அக்கரை.”

நான் இருக்க வேண்டிய இடத்துக்கு ஐந்து கிலோமீட்டர் வடக்கே நின்றுகொண்டிருந்தேன்.

உடனே திரும்பிப் பாலத்தில் ஏறினேன். நூறு அடிகூடப் போக முடியவில்லை. மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தி கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறாள்! எதிரே வந்த அத்தனை பேருக்கும் அது பொறுக்கவில்லை.

“திரும்பாதே தாயி, இன்னும் கொஞ்ச தூரந்தான்!”

“வேண்டுதலைப் பாதியில விடக்கூடாதும்மா!”

ஒருவர் ஹேண்டில்பாரையே பிடித்துக்கொண்டார். “ஆத்தா கோவிச்சுக்குவா. முடியலைன்னா சொல்லு, கைத்தாங்கலா கூட்டிட்டுப் போறோம்.”

“இல்லைங்க, நான் போட்டியில இருக்கேன்.”

“போட்டியா? ஆத்தாகிட்டயா?”

பாதியில் விடாதே, பாதியில் விடாதே என்று பாலமே கத்துகிறது. நாலு வருடமாக என் காதில் யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். இன்று நூறு பேர் சொல்கிறார்கள், அதைக் கேட்டு நடந்தால் நான் தோற்றுப்போவேன்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அழுதேன். பந்தலுக்கே திரும்பி வந்து சைக்கிளைச் சாய்த்தேன்.

“விடுங்க அக்கா, ஆட்டோல ஏத்தி விட்டுடறோம்” என்றார் ராசாத்தி. பெஞ்சு இருந்தது. நிழல் இருந்தது. உட்கார்ந்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். கால்கள் அதற்காகக் கெஞ்சின. “ஆட்டோ வேண்டாங்க. நான் ஓட்டித்தான் போகணும். இதுவரைக்கும் ஒண்ணுகூட முடிச்சதில்லை” என்றேன்.

ராசாத்தி பானைக்குப் பின்னால் திரும்பி, “ஏங்க, சட்டையைக் கழட்டுங்க” என்றார்.

அவர் கணவர் கரண்டியும் கையுமாக விழித்தார். “எதுக்குடி?”

“இந்த அக்கா போகணும். மஞ்சளைப் பாத்தா விடமாட்டேங்கறாங்க. கழட்டுங்கன்னா.”

அடுத்த நிமிடம் அந்த மனிதர் பனியனோடு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் முழங்கால் வரை தொங்கும் நீலக் கட்டம் போட்ட சட்டைக்குள் இருந்தேன். மறுநாள் அதைத் துவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் அவருடைய நல்ல சட்டையே அது ஒன்று என்று தெரிந்தது.

பத்து ஐம்பத்தெட்டு. பாலத்தில் இப்போது என்னை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. யாரோ ஒரு ஆள் சைக்கிளில் எதிரே வருகிறான், அவ்வளவுதான். கைப்பிடிச் சுவரை ஒட்டித் தள்ளினேன், இடம் கிடைத்த இடத்தில் ஏறி மிதித்தேன். திருவானைக்காவல், மாம்பழச் சாலை, காவிரிப் பாலம். வாய்க்குள் நாக்கு அட்டையாகிவிட்டது. டவுன் பக்கம் இறங்கியபோது கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் மேசையை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க விலகிட்டீங்கன்னு போன்ல சொல்லிட்டோமே ஆன்ட்டி!”

“விலகலை. ஸ்டாம்ப் போடுங்க!”

ஸ்டாம்ப் மைப்பெட்டி வெயிலில் காய்ந்து அப்பளமாகியிருந்தது. ஒருத்தி அதில் பாட்டில் தண்ணீரைச் சொட்டினாள், மற்றவள் ஸ்டாம்பை என் அட்டையில் வைத்து முஷ்டியால் குத்தினாள். ஊதா நிழல் மாதிரி ஒன்று விழுந்தது. போதும். பதினொன்று பதினாறு. இன்னும் மூன்றரைக் கிலோமீட்டர்.

பாலத்துக்குத் திரும்பியபோது ஒரு யோசனை. இனி நான் போக வேண்டியது வடக்கே. கூட்டம் போகிற திசை. நீலச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டினேன். மஞ்சள் வெளியே வந்தது. அவ்வளவுதான்! “வழி விடுங்க, தாயி வருது!” என்று முன்னால் போன ஒருவர் குரல் கொடுக்க, கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. “ஓம் சக்தி!” என்று ஒரு பக்கம், “பராசக்தி!” என்று மறுபக்கம். மேளக்காரர்கள் என் மிதிக்குத் தாளத்தைக் கூட்டினார்கள். யாரோ முதுகில் ஒரு வாளித் தண்ணீரை வீசினார். நானும் “ஓம் சக்தி!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்தப் பாலத்தில் நான் ஓட்டின வேகத்தில் அதற்கு முன் ஓட்டியதில்லை, இனி ஓட்டப்போவதும் இல்லை.

பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்காக இடது பக்கம் திரும்பினேன். பின்னால் ஒரு பெரிய அலறல்: “தாயி! கோயிலு அந்தப் பக்கம் இல்ல!” திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினேன்.

மண்டபத்து வாசலில் முடிவுக்கோட்டு வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு கால் ஏற்கெனவே தரையில். மற்றதைப் பிடித்திருந்த பந்தல்காரர் என்னைப் பார்த்து, “டேய் தூக்கு, தூக்கு, இன்னும் ஒருத்தங்க வராங்க!” என்று கத்தினார். நாலு பேர் ஓடிவந்து சாய்ந்த வளைவைத் தோளில் தூக்கி நிறுத்தினார்கள். ஒரு பக்கம் உயரமாக, ஒரு பக்கம் தாழ்வாக நின்ற அதற்குள் தலையைக் குனிந்துகொண்டு புகுந்தேன். பிரேக் பிடிக்கக் கை வரவில்லை. மண்டபத்து வாழைமரத்தில் மோதித்தான் நின்றேன்.

கணேசன் ஓடிவந்து கடிகாரத்தைப் பார்த்தார். என் அட்டையைப் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கி, ஊதாக் கறையை உற்றுப் பார்த்தார். “பதினொன்று இருபத்தெட்டு! எங்கேங்க போனீங்க?”

“அக்கரைக்கு.”

“எந்த அக்கரைக்கு?”

“ரெண்டுக்கும்.”

அவருக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் விளங்கியது. இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். மேசைக்கு ஓடிப்போய்ப் பட்டியலை எடுத்தார். என் நம்பருக்கு நேரே நீல மையில் ‘விலகல்’ என்று எழுதியிருந்தது. “மன்னிச்சுக்குங்க, போன் வந்ததும் எழுதிட்டேன். இதோ, இப்பவே அடிச்சிடறேன்” என்று பேனாவைத் திறந்தார்.

நான் அவர் கையைப் பிடித்தேன்.

“பேனாவை என்கிட்ட கொடுங்க.”

கொடுத்தார். விரல்கள் மடங்கவில்லை, முஷ்டியில் பிடித்துக்கொண்டுதான் அடித்தேன். ஒரு கோடு போதும். நான் அடித்துக்கொண்டே இருந்தேன். “தாள் கிழிஞ்சிடும் மேடம்” என்றார் கணேசன். கிழிந்தும் விட்டது. கிழிசலுக்குப் பக்கத்தில், கோணல்மாணலாக, பதினொன்று இருபத்தெட்டு என்று நானே எழுதினேன்.